லிஃப்ட்காரர் வீட்டுக் கூரை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான்கள், கூரையை மாற்றிப் பார் என்று ஒரு வார்த்தை சேர்க்காமல் ஏன் விட்டார்களோ தெரியவில்லை. கட்டும்போது வெறும் நிலம். என்ன வரப்போகிறது என்று நமக்கே தெரியும். மாற்றும்போது அப்படி இல்லை. ஒரு குடும்பம் வாழ்ந்து பார்த்த இடம் அது. எந்த ஓட்டை எடுத்தால் அடியில் எது இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகத்தான் முடியும். லிஃப்ட்காரருக்கு அப்படித்தான் முடிந்தது.

லிஃப்ட்காரர் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. பட்டப்பெயர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மளிகைக்கடையிலும் தபால்காரர் வாயிலும் அவர் லிஃப்ட்காரர்தான். மடிப்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பி, நான்கு மாடிக்கும் ஆட்களை ஏற்றி இறக்கினார். உட்கார மூலையில் ஒரு ஸ்டூல் உண்டு. ஆனால் ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால் அந்த ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த ஆசனத்தைத் தலையில் சுமந்தவர் என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

வேலையில் சேர்ந்த அன்று மேலதிகாரி ஒரே ஒரு விதிதான் சொன்னார். ஏறுகிறவர்களிடம் எந்த மாடி என்று மட்டும் கேள். யாரைப் பார்க்க வந்தீர்கள், என்ன உடம்புக்கு, எப்படி இருக்கிறார் என்றெல்லாம் கேட்காதே. இவருக்கு முன்னால் இருந்த ஆள் வாய் சும்மா இருக்காமல் ஒரு பெண்மணியிடம் விசாரிக்கப் போக, அந்த அம்மாள் இரண்டு மாடிக்கு நடுவில் ஓவென்று அழுது தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அதனால் விதி. ஒருவர் லிஃப்டுக்குள் சொன்னதை அடுத்து ஏறுகிறவரிடம் சொல்லக் கூடாது என்பதை இவரே சேர்த்துக்கொண்டார். இரண்டையும் வேதவாக்காக வைத்திருந்தார்.

விதி ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்துவிட்டது. தலைகுனிந்து வரும் மகனிடம், 'என்னடா ஆச்சு?' என்று கேட்கத் தெரியாது. 'சாப்பிடறியா, அப்புறமா?' என்றுதான் கேட்பார். பேச்சும் நான்கு மாடிக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் யாராவது பேசினால் கை தானாகக் கதவைத் தேடும். 'உங்கப்பாகிட்ட பேசணும்னா இறங்கற இடத்தை முதல்லயே சொல்லிடுங்க' என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள் அவர் மனைவி. விசாரிக்கிற வேலையெல்லாம் அவளுடையது. அவள் போன பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

வீடு ஒரு சந்தின் கோடியில். முதலில் கட்டியது ஒரு கூடம், ஒரு படுக்கையறை. மேலே இரண்டு பக்கமும் சரிந்த ஓட்டுக்கூரை, நடுவில் நேரான முகடு. பார்க்க லட்சணமாக இருந்தது. பிறகு மனைவிக்குக் காற்றோட்டமான சமையலறை வேண்டுமென்று பக்கவாட்டில் இழுத்தார்கள். அதற்கு ஆஸ்பெஸ்டாஸ். மகன் பரீட்சைக்கு உட்கார்ந்து படிக்கிற வயது வந்ததும் பின்னால் ஓர் அறை. அதற்கு ஓடு போட்டார்கள், ஆனால் பழைய அச்சு ஓடு கடையில் கிடைக்கவில்லை. வேறு கம்பெனி ஓடு, ஒன்றோடொன்று கவ்வாது. அடுத்து மகள், அவனுக்கு மட்டும் ரூம், நான் என்ன தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஓர் அறை வந்தது. கையில் இருந்த பணத்துக்குத் தகரம்தான் கட்டுப்படியானது. ஜன்னல் மட்டும் அண்ணனுடையதைவிட ஒரு சாண் அகலமாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அதற்கு அவன் சண்டை போட்டான். அப்புறம் இவள் அவன் அலமாரிக்குச் சண்டை போட்டாள்.

ஆக வீடு ஒன்று, கூரை நான்கு. மழை வந்தால் நான்கும் நான்கு விதமாகச் சத்தம் போடும். வருடா வருடம் தாரைக் காய்ச்சி ஊற்றியும், சாக்கை மடித்துச் சொருகியும் லிஃப்ட்காரர் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். போன மழையில் ஈரம் கூடத்துச் சுவருக்கு இறங்கி, சுவிட்சைத் தொட்டால் கை சுர்ரென்று இழுத்தது. இனி ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கூரை மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினார்.

மேஸ்திரி பெருத்த உடம்புக்காரர். ஏணி தாங்குமா என்று லிஃப்ட்காரர் கவலைப்பட்டார். ஆள் எடையைக் கண்ணாலேயே போடுவது அவருடைய தொழில் புத்தி. ஆனால் மேஸ்திரி பூனை மாதிரி ஏறினார். முகட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார், உட்கார்ந்தார், ஒரு திருப்புளியை எடுத்து அங்கங்கே மரத்தைக் குத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. மேலிருந்தபடியே இவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டாக்டர்கள் அப்படிச் செய்து லிஃப்ட்காரர் பார்த்திருக்கிறார்.

இறங்கிவந்து படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் மேஸ்திரி வாய் திறந்தார்.

"ஐயா, கூரைக்கு ரேட்டுன்னா எல்லாரும் அளவைத்தான் கேப்பாங்க. இத்தனை அடிக்கு இவ்வளவுன்னு. அது பாதிக் கணக்குதான். உங்க வீட்டை விடப் பெரிய வீட்டுக்கு இதுல பாதிக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"அது எப்படி?"

"அது நேர் கூரை. ரெண்டே சரிவு. ஷீட்டை மேலயிருந்து அப்படியே இறக்கிட்டு வந்துடலாம். உங்களுது அப்படியா? ஒரு சரிவு வந்து இன்னொரு சரிவுல இடிக்குது பாருங்க, அந்த இடம் பள்ளம். தண்ணி அங்கதான் வந்து நிக்கும், குப்பையும் அங்கதான் சேரும். அங்க போடற ஒவ்வொரு ஷீட்டையும் சாய்வா வெட்டணும். வெட்டினதுல பாதி வீண். அடியில தகடு மடிச்சு வைக்கணும். கூலி பூரா அந்தப் பள்ளத்துலதான் போய் விழும். உங்களுக்கு மூணு பள்ளம்."

"மூணா?"

"எண்ணிட்டுத்தான் வந்தேன். அப்புறம் சமையல்கட்டு மேல ஆஸ்பெஸ்டாஸ். அதை உடைச்சுக் குப்பையில போட முடியாது, அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சு, முழுசாக் கழட்டி, சுத்திக் கட்டி, அதுக்குன்னு இருக்கற இடத்துக்கு அனுப்பணும். அதுக்குத் தனி வண்டி. வண்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது, உங்க சந்துக்குள்ள வண்டி வராது. முனையில இறக்கித் தலையிலதான் தூக்கிட்டு வரணும்."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று லிஃப்ட்காரர் முணுமுணுத்தார். மேஸ்திரிக்கு அந்தப் பழமொழி பிடித்திருந்தது. அதையே இரண்டு தரம் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

"அடியில மரம் எப்படி இருக்கு?" என்றார் லிஃப்ட்காரர்.

"ஒரு இடத்துல உளுத்துப்போச்சு. மிச்சம் கழட்டிப் பாத்தாதான் தெரியும். நல்லா இருந்தா உங்க அதிர்ஷ்டம். இல்லன்னா ஷீட்டைத் தாங்கற சட்டம், ரீப்பர் எல்லாம் புதுசு. அதை இப்பவே சொல்றவன் ஒண்ணு ஜோசியக்காரன், இல்ல திருடன்."

எல்லாம் சேர்த்து உத்தேசமாக ஒரு தொகையைச் சொன்னார். லிஃப்ட்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஓய்வுப் பணத்தில் மிச்சமிருந்ததில் பெரும்பகுதி அது. உடம்புக்கு ஏதாவது வந்தால் என்று ஒதுக்கி வைத்திருந்த பணம். ஆஸ்பத்திரியில் காலம் தள்ளியவருக்கு, பணமில்லாமல் அங்கே படுப்பது எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார். "நான் ஒண்ணு சொல்லலாமா? பின்னாடி ரெண்டு ரூம்லயும் யார் இருக்கா?"

"பசங்க ரூம்."

"பசங்க எங்க?"

"வெளியில."

"அப்ப எதுக்கு வச்சுக்கிட்டு? அந்த ரெண்டையும் எடுத்துட்டா பள்ளமே கிடையாது. சமையல்கட்டைக் கூடத்துச் சரிவோடயே சேர்த்து இழுத்துடுவேன். நேர் கூரை ஆயிடும். மூணுல ஒரு பங்கு செலவுல முடிச்சுடலாம். ரெண்டையும் எடுக்க மனசு வரலைன்னா ஒண்ணை எடுங்க. அதுக்கே பாதியா இறங்கும். யோசிச்சு வைங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன். மழை நெருங்கிட்டா எல்லாரும் ஏணியைத் தூக்கிட்டு என்கிட்ட ஓடி வருவாங்க. அப்ப கூலியும் ஏறும், நானும் கிடைக்க மாட்டேன்."

மேஸ்திரி போன பிறகு லிஃப்ட்காரர் பின்பக்கம் போனார். மகன் அறையில் கட்டில், மேஜை, சுவரில் அவன் எழுதி ஒட்டிய சூத்திரங்கள். மூலையில் சக்கரம் கழன்ற ஒரு சைக்கிள், அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று அப்பா, மகன் இருவருக்குமே தெரியாது. மகள் அறையில் பச்சை வண்ணம். அடம் பிடித்து அவளே தேர்ந்தெடுத்தது, பூசிக் காய்வதற்குள் பிடிக்காமல் போனது. இரண்டு கட்டிலிலும் விரிப்பு சீராக இருந்தது. அவர்தான் அவ்வப்போது எடுத்துத் துவைத்துக் காயவைத்து மறுபடி விரிப்பார். யாரும் படுக்காத விரிப்பை எதற்கய்யா துவைக்கிறீர் என்று கேட்கத்தான் ஆளில்லை.

அம்மாவின் காரியத்துக்கு வந்தபோதுதான் இரண்டு பேரும் ஒன்றாக அங்கே தங்கினார்கள். அதன்பிறகு மகன் ஒரு தடவை வந்தான். ஆபீஸ் வேலையாக வந்தவன் ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனான். மகள் குழந்தையோடு வந்தபோது, தகரத்தில் அணில் ஓடும் சத்தத்துக்குக் குழந்தை பயந்து அழுததால் கூடத்திலேயே படுத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரருக்குத் தனிமை பழகிவிட்டது என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன. பழகவே இல்லை. நாளெல்லாம் மூச்சுமுட்ட ஆட்களுக்கு நடுவில் நின்றவர் அவர். முன்பின் தெரியாதவர்களின் முழங்கை விலாவில் இடிக்கும், அழுகிற யாராவது அவர் தோளையே சுவர் என்று நினைத்துச் சாய்வார்கள். இப்போது காலையிலிருந்து இருட்டும் வரை நடந்தாலும் எவர் மேலும் இடிக்காத வீடு. மிக்ஸி ஓடும்போது மட்டும் வீட்டில் இன்னொருவர் இருப்பது போலிருக்கும் என்பதால், தேவைக்கு மேலேயே ஓடவிடுவார்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். செலவு அவருக்குப் பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் அவரை உலுக்கியது செலவில்லை. ஆளில்லாத அறையை எடுக்கலாம் என்று மேஸ்திரி சொன்னது நியாயம். இரண்டு பிள்ளைகளில் ஒருவராவது, 'அப்பா, என் ரூமைத் தொடாதீங்க' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் என்றைக்கோ ஒருநாள் அவர் வருவார் என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு இவர் இன்னும் சில வருடம் ஓட்டிவிடுவார்.

மகனைப் போனில் பிடிப்பது சுலபமில்லை. கடல் தாண்டி ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வை வேலை. இவர் எழுந்திருக்கும்போது அவன் படுப்பான். நல்ல வேளை, அன்று எடுத்துவிட்டான். பின்னால் வண்டிகள் பின்வாங்கும் கீச்சொலி கேட்டது.

"சொல்லுங்கப்பா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். கூரை மாத்தணும்."

"மாத்திடுங்க. பணம் வேணுமா? அனுப்பறேன்."

"பணம் இருக்கு. பின்னாடி ரூம்ல ஒண்ணை எடுத்துட்டா செலவு பாதியாகும்னு மேஸ்திரி சொல்றார்."

நீ வருவாயா என்றுதான் கேட்க நினைத்தார். அதைக் கேட்கிற தசை அவர் நாக்கில் இல்லை. எந்த மாடி என்று கேட்கிற குரலிலேயே கேட்டார்:

"எந்த ரூமை எடுக்கலாம்?"

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? என்னோடதை எடுத்துடுங்க."

"உன்னோடதா?"

"ஆமாம்பா. பாப்பா ரூமைத் தொடாதீங்க. அவதான் பக்கத்துல இருக்கா. லீவு விட்டா குழந்தையைத் தூக்கிட்டு வந்து நிப்பா, அவளுக்கு ஒரு ரூம் வேணும். அவ வந்து போயிட்டு இருக்கறதாலதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன். நான் எப்பவாவது வந்தாக் கூடத்துல படுத்துக்கறேன்."

"சரி."

"உடம்பைப் பாத்துக்கங்க. ஏணியில நீங்க ஏறாதீங்க. வைக்கட்டுமா?"

மறுநாள் மகளைக் கூப்பிட்டார். மகன் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது என்பது ஒரு பக்கம். அவளாகச் சொல்ல வேண்டும், அண்ணன் சொல்லிச் சொன்னதாக இருக்கக் கூடாது என்பது இன்னொரு பக்கம். மகள் இரண்டு ஊர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். எடுத்தவுடன் விரட்டுவாள், அது அவள் பாசம்.

"என்னப்பா, ஏன் மூச்சு வாங்குது? ஏணியில ஏறினீங்களா?"

"நான் ஏறல. மேஸ்திரி ஏறினார். கூரை மாத்தணும்."

விஷயத்தைச் சொன்னார். அதே கேள்வியைக் கேட்டார்.

"என்னோடதை எடுத்துத் தொலைங்க," என்றாள் மகள். "தகரம்ப்பா அது. வெயில் காலத்துல உள்ள நின்னா வெந்துடுவோம். அண்ணன் ரூமை மட்டும் எடுத்துடாதீங்க."

"அவன் எங்க..."

"என்னைக்கு இருந்தாலும் திரும்பி வர்றவன் அவன்தான். கடல் தாண்டிப் போனவன் எத்தனை நாள் இருப்பான்? வந்தா ரூம் இல்லன்னா அவனுக்கு எப்படி இருக்கும். எனக்குத்தான் இங்கயே வீடு, வேலை, குட்டிக்கு ஸ்கூல்னு ஆகிப்போச்சு. அவன் வந்து உங்களோட இருந்துடுவான்னுதான் நான் தைரியமா இருக்கேன்."

"லீவுக்கு?" என்றார் லிஃப்ட்காரர். அவர் வாழ்க்கையில் கேட்ட நீளமான விசாரணை அதுதான்.

"லீவுல குட்டிக்கு நீச்சல் கிளாஸ்ப்பா. பாக்கலாம். சரி, மருந்து போட்டீங்களா?"

போனை வைத்த பிறகு லிஃப்ட்காரருக்கு முதலில் வந்தது பெருமை. நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே பெருமைதான். ஒரு சாண் ஜன்னலுக்கும் ஒரு அலமாரித் தட்டுக்கும் முடியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள், இப்போது முழு அறையையே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். அவர்கள் அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டு எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்தார். மதியம் நன்றாகச் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. குழாயை மூட மறந்து நின்றார்.

அவன் அவளைக் காட்டுகிறான். அவள் அவனைக் காட்டுகிறாள். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வருவார் என்று இரண்டு பேரும் மனதார நம்பிக்கொண்டு, நிம்மதியாக இருக்கிறார்கள். பொய் சொல்லியிருந்தால் கூடக் கோபித்துக்கொள்ளலாம். பொய்யில்லை என்பதுதான் அவரை ஒன்றும் செய்யவிடவில்லை. அன்று அவர் அழுதார். அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாததால் சத்தமாகவே அழுதார்.

அழுது முடித்துவிட்டு யோசித்தார். ஒரு போன் போதும். 'உங்கண்ணன் வர மாட்டான்மா, நீதான் வருவேன்னு சொல்றான்' என்று சொன்னால் தீர்ந்தது. மகள் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு பறந்து வருவான். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், சந்தேகமே இல்லை. ஆனால் எந்த முகத்தோடு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டு. மணி அடித்ததும் கையில் பழத்தோடு கூட்டமாக ஏறுவார்கள். பாசமாகத்தான் ஏறுவார்கள். ஏறும்போதே கண் கைக்கடிகாரத்துக்குப் போகும். இறங்கும்போது, வந்து பார்த்தாயிற்று என்று மூச்சு விடுவார்கள். அப்படி இறங்குகிறவர்களை அவர் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. ஆனால் தன் பிள்ளைகள் தன்னிடமிருந்து அப்படி இறங்கிப் போவதைப் பார்க்க அவரால் முடியாது.

பேசாமல் ஓர் அறையை எடுத்துவிட்டாலும் வம்புதான். மகனுடையதை எடுத்தால், அண்ணனுக்கு ஏன் இடமில்லாமல் செய்தீர்கள் என்று மகள் கேட்பாள், அவனிடமே கேட்பாள். மகளுடையதை எடுத்தால் அவன் அவளிடம் கேட்பான். இரண்டு பேரும் பேசிக்கொண்டால் இரண்டு நிம்மதியும் அன்றோடு போச்சு. இரண்டையும் எடுத்தால் சொல்லவே வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பினாலும், அந்த இரண்டு அறைகளும் மூன்று பள்ளங்களும் அப்படியே இருந்தால்தான் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவனும், இரண்டு ஊர் தள்ளி ஒருத்தியும் குற்றவுணர்வு இல்லாமல் தூங்க முடியும். அதற்கான செலவைத்தான் மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருந்தார், அவருக்கே தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். கையில் அளவு நாடா. படியில் உட்காரவில்லை, வேறு இரண்டு வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

"என்ன ஐயா, பசங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொல்றாங்க?"

லிஃப்ட்காரர் உள்ளதை உள்ளபடியே சொன்னார். "பையன் சொல்றான், தங்கச்சி வருவா, அவ ரூம் இருக்கட்டும்னு. பொண்ணு சொல்றா, அண்ணன் வருவான், அவன் ரூம் இருக்கட்டும்னு."

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப ரெண்டு பேரும் வர்றாங்கன்னு சொல்லுங்க. இதுல எதை எடுக்கறது?"

"அதான். எதை எடுக்கறது."

"குடுத்து வச்சவர் நீங்க. என் வீட்டுல ஒரு வாளித் தண்ணிக்கு ரெண்டு பேரும் வெட்டிக்கறாங்க." மேஸ்திரி நாடாவை இழுத்துப் பார்த்தார். "சரி, முழுசாவே போட்டுடலாம். ஷீட் எது போடறது? அதுலயும் விலை ஏறும் இறங்கும். பதினஞ்சு வருஷம் போறதும் இருக்கு, அம்பது வருஷம் போறதும் இருக்கு."

"எது நல்லது?"

"அம்பது வருஷம் போறது நல்லதுதான். ஆனா தப்பா எடுத்துக்காதீங்க, உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்க வயசுக்கு அவ்வளவு பணத்தைத் தலைக்கு மேல கொண்டுபோய்ப் போட வேணாம். கையில கொஞ்சம் வச்சுக்கங்க. இப்போதைக்குப் பதினஞ்சு வருஷத்தது போதும். பசங்கதான் வரப்போறாங்களே, அதுக்குள்ள வந்துட்டா மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க."

மேஸ்திரி சொன்னதில் தப்பில்லை. லிஃப்ட்காரர் தலையாட்டினார். பின்பக்கம், ஓடும் தகரமும் இடித்துக்கொண்டு நிற்கிற இடத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"அம்பது வருஷம் போறதையே போடுங்க மேஸ்திரி," என்றார். "அவங்க வர்றதுக்குக் கொஞ்சம் நாளாகும்."